பொன்னாடை வீடியோ வேண்டாம், படம் எடுங்க

உள்ளூர்த் தலைவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிற இளைஞர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெரும்பாலானவை பொன்னாடை மட்டும் போர்த்தாத பாராட்டு விழாவாக முடிகின்றன. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து சாதனைப் பட்டியல் சொல்வார், பின்னால் வீணை, மேலே டிரோன். அடுத்த தேர்தலுக்கு அவருக்கு உதவும், அவ்வளவுதான். தலைவர் ஊரிடம் பேசுவதைவிட, ஊர் தலைவரிடம் பேசுவதை எடுங்கள் என்பதுதான் என் கட்சி.

"அண்ணே, போனை சைலண்ட்ல போடுங்க" என்பதில்தான் முதல் தப்பு ஆரம்பம். ஃப்ளைட் மோடில் போட வேண்டியது படம் எடுக்கும் உங்கள் போனை; நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் ரெக்கார்டிங் அறுந்துபோகும். அவர் போன் அடிக்கட்டும். காலை ஆறரைக்கு மேலத்தெருவிலிருந்து "மூணு நாளா தண்ணி வரல" என்று ஒரு அழைப்பு, உடனே இவர் டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டு மோட்டார் என்னாச்சு என்று கேட்பது, அதற்குள் வாசலில் முதியோர் பென்ஷன் மனுவோடு ஒரு பாட்டி. ஒரு மணி நேரப் பேட்டியில் இது கிடைக்காது. அழைத்தவரின் குரலை மட்டும் ஸ்பீக்கரில் போடாதீர்கள். அவர் படத்துக்குச் சம்மதிக்கவில்லை.

யார் தலைவர் என்பதையும் போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2025 ஜனவரி 5-உடன் 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகும் பைப் உடைந்தால் ஜனங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று விசாரியுங்கள். மாஜி தலைவராக இருக்கலாம், மகளிர் குழுத் தலைவியாக இருக்கலாம், நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளராகவும் இருக்கலாம்.

பெண் தலைவர் என்றால் வேறு ஒரு சிக்கல். 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கிச் சட்டம் வந்துவிட்டது; "தலைவர் வீட்டுக்காரர்" என்ற பதவி மட்டும் ஒழியவில்லை. கேள்வி அம்மாவுக்கு, பதில் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அவரிடமிருந்து வரும். அம்மாவின் கண் ஒவ்வொரு பதிலுக்கும் அந்தப் பக்கம் ஓடும், எடிட்டில் அதை மறைக்கவே முடியாது. குழுவில் ஒருத்தர் "அண்ணே, புது டேங்கைக் காட்டுங்க" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். பேட்டியை வீட்டுத் திண்ணையில் வைக்காமல் ஊராட்சி அலுவலகத்தில், அம்மாவுடைய நாற்காலியில் வையுங்கள்.

அந்த நாற்காலியை முதலில் அகலமான ஷாட்டில் எடுங்கள், குளோசப் அப்புறம். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு படம் வெளியான பிறகுதான் தமிழ்நாடே பேசியது. முகத்தை மட்டும் எடுத்திருந்தால் அது சாதாரணக் கூட்டப் படம். யார் எதில் உட்கார்ந்திருக்கிறார், யாருக்கு டீ கிளாஸில் வருகிறது, யாருக்குப் பேப்பர் கப்பில் வருகிறது என்பதெல்லாம் ஃபிரேமுக்குள் இருக்கட்டும்.

"ரோடு நான்தான் போட்டேன்" என்றால் தாளைப் பாருங்கள். மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் திட்டமும் செலவும் ஓரளவு கிடைக்கும். மீதிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு என்பதால் ஷூட்டிங்குக்கு ஒரு மாதம் முன்பே போட வேண்டும். கிராம சபை நாளில் மேடையை விடக் கையெழுத்து நோட்டைத் துரத்துங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வேண்டுமானால் வந்திருக்க வேண்டிய ஆட்கள், 100. நோட்டில் எத்தனை கையெழுத்து, பந்தலில் எத்தனை தலை என்று இரண்டையும் வெட்டாத ஒரே ஷாட்டில் காட்டினால் வர்ணனையே வேண்டாம்.

படம் சுமாராக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் மோசமென்றால் எழுந்து போய்விடுவார்கள். காசில்லையா? இன்னொரு போனில் வயர் இயர்போனைச் செருகி, அதன் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டு, எடிட்டில் படத்தையும் சத்தத்தையும் சேர்க்க. கஞ்சி போட்ட கதர்ச் சட்டை மைக்கில் உரசினால் சருகை மிதிப்பது போலக் கேட்கும். அம்மாக்களுக்குத் தாலிக்கொடியும் வளையலும். ஹெட்போன் மாட்டி ஒரு நிமிஷம் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஃபேனை நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் வேர்க்கும், ஆகவே பத்துப் பத்து நிமிஷமாக எடுங்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் ஸ்பீக்கர் இருக்கிற தெருவில் பேட்டி வைப்பவரை ஆண்டவனும் காப்பாற்ற முடியாது.

பழைய டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் படத்தில் கோடுகள் ஓடும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி வைத்தால் அடங்கும். போன் கேமராவில் அந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். படத்தின் தரம் 1080 போதும், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 8 ஜிபி. 4கே என்றால் 20-ஐத் தாண்டிவிடும், பிறகு மத்தியானமே மெமரி ஃபுல்.

டீக்கடைக் காட்சியில் ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். பின்னணியில் 20 விநாடி சினிமாப் பாட்டு ஓடினாலே யூடியூபில் காப்பிரைட் கிளைம் வரலாம், அந்தப் பாட்டைப் பேச்சிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு.

முடிந்ததும் தலைவரிடம் போட்டுக் காட்டலாம். பெயர், தேதி, தொகை தவறென்றால் திருத்துங்கள். "அந்தக் கிழவி திட்டுறதை எடுத்துடுங்க" என்றால் முடியாது. இந்த ஒப்பந்தம் ஷூட்டிங்குக்கு முன்பே ஆக வேண்டும். ஊரில் திரையிடும்போது இருட்டிய பிறகு, ஏழரைக்கு மேல் ஆரம்பியுங்கள், வெளிச்சத்தில் புரொஜெக்டர் எடுபடாது. மைக்செட் அண்ணனிடம் ஜெனரேட்டரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முன்வரிசை நாற்காலி யாருக்கு என்று கட்டாயம் தகராறு வரும். ஜமக்காளம் விரித்துவிடுங்கள்.