ரன்னுக்கு இருபது சினானிம் மனப்பாடம் பண்ணாதீங்க

வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடுவில் 'ரன்' என்று போட்டு, சுற்றிலும் ஸ்பிரின்ட், ஆபரேட், மேனேஜ், ஃப்ளோ, கண்டக்ட் என்று ஒரு இருபது சொல். இனிமேல் ரன் என்று எழுதாதீர்கள், இதில் ஏதாவது ஒன்றைப் போடுங்கள், இங்கிலீஷ் பளிச்சென்று இருக்கும் என்று கீழே ஓர் அறிவுரை வேறு. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் புதிதாக மெர்ச்சண்டைசிங் வேலைக்கு, அதாவது வெளிநாட்டு பையரோடு (துணி வாங்குகிற கம்பெனியோடு) மெயிலில் பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, வரும் பிள்ளைகள் இதைப் பத்திரமாக சேமித்து வைத்திருக்கிறார்கள். அழித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் இதுதான். அந்த இருபதும் ஒன்றுக்கொன்று சினானிம், அதாவது ஒரே பொருள் தரும் சொல், கிடையாது. ஒவ்வொன்றும் ரன்னின் ஏதோ ஓர் அர்த்தத்துக்கு மட்டும் பக்கத்தில் நிற்கும். மெஷின் ரன் ஆகிறது என்றால் ஆபரேட் பொருந்தும். மூக்கு ரன் ஆகிறது என்ற இடத்தில் ஆபரேட்டைப் போட்டால் ஈ.என்.டி. டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி 1989-ல் இரண்டாம் பதிப்பாக வந்தபோது 'செட்' என்ற வினைதான் அர்த்தக் கணக்கில் முதலிடம். பிற்பாடு திருத்தும்போது 'ரன்' அதை முந்திவிட்டது, வினையாக மட்டும் அறுநூறுக்கும் மேல். நமக்கு இது ஆச்சரியமாக இருக்கத் தேவையில்லைங்க. சோமனூரில் தறி ஓடுது, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி ஓடுது, தியேட்டரில் படம் ஓடுது, பொழப்பும் எப்படியோ ஓடுது. சிக்கல் வருவது நம்ம 'ஓடு' நின்றுவிடும் இடத்தில். காய்ச்சல் நமக்கு அடிக்கும், இங்கிலீஷ்காரர்கள் அதை ரன் பண்ணுவார்கள். கம்பெனியை நாம் நடத்துவோம், அவர்கள் ரன் பண்ணுவார்கள். தேர்தலில் அமெரிக்கர் ரன் பண்ணுவார், பிரிட்டிஷ்காரர் ஸ்டாண்ட் பண்ணுவார், நம்ம ஊர்ப் பேப்பர் கன்டெஸ்ட் என்று போடும்.

அதனால் பார்க்க வேண்டியது ரன்னை அல்ல, அதற்குப் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லை. எது ரன் ஆகிறது, எதை ரன் பண்ணுகிறோம் என்று முதலில் குறித்துக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றில் ஏதாவது ஒரு லேர்னர்ஸ் டிக்ஷனரியை (இங்கிலீஷ் கற்பவர்களுக்கான அகராதி) திறங்க. நெட்டில் இலவசம். எண் போட்டு அர்த்தம் பிரித்திருப்பார்கள். உங்கள் பெயர்ச்சொல் எந்த எண்ணின் உதாரண வாக்கியத்தில் வருகிறதோ அதுதான் உங்கள் அர்த்தம். தெசாரஸ் (சினானிம் அகராதி) அதற்கு அப்புறம். அங்கே எடுத்த சொல்லை மறுபடி டிக்ஷனரியில் போட்டு, அதன் உதாரணத்திலும் உங்கள் பெயர்ச்சொல் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையா, பழைய ரன்னே இருக்கட்டும். ரன் ஒன்றும் கௌரவக் குறைவான சொல் இல்லை.

இது மார்க் வாங்குகிற சமாச்சாரம் மட்டும் இல்லை என்பதற்கு, 'சாயம் போகுதுங்க' என்ற நம்ம ஒரே வாக்கியம் போதும். துவைக்கும்போது சாயம் தண்ணீரில் இறங்கிப் பக்கத்துத் துணியில் பிடித்தால் ரன். லேப் பாஷையில் ப்ளீட். துணி தன் நிறமே வெளுத்தால் ஃபேட். உரசும்போது கையிலோ வெள்ளைத் துணியிலோ ஒட்டினால் ரப் ஆஃப், அமெரிக்க பையர் க்ராக்கிங் என்பார். மூன்றுக்கும் டெஸ்ட் வேறு. துவைப்புக்கு, ஐஎஸ்ஓ 105 என்ற சர்வதேச டெஸ்ட் வரிசையில் சி06: சாம்பிளோடு ஆறு வகை நார் சேர்ந்த மல்டிஃபைபர் பட்டையைத் தைத்துத் துவைத்து, அதில் எவ்வளவு கறை பிடித்தது என்று 1 முதல் 5 வரை கிரே ஸ்கேலில் (சாம்பல் நிற ஒப்பீட்டு அட்டை) மதிப்பிடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. உரசலுக்கு எக்ஸ்12, காய்ந்தும் ஈரமாகவும் தனித்தனியாக. வெளிச்சத்தில் வெளுப்பதற்கு பி02, அதற்கு ப்ளூ வுல் ஸ்கேல் (நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிடும் அளவு), 1 முதல் 8 வரை.

இப்போது நேவி ப்ளூ டி-ஷர்ட், ஓரத்தில் வெள்ளை பைப்பிங் (மெல்லிய பட்டை). துவைத்ததும் பைப்பிங் நீலம் பாய்ந்துவிட்டது. பட்டியலில் பார்த்த ஞாபகத்தில் 'கலர் ஃபேடிங்' என்று மெயில் போனால், லேப் வெளிச்ச டெஸ்ட் எடுக்கும். பாஸ் ஆகும். பிரச்சினை அப்படியே இருக்கும். உண்மையில் நடந்தது என்ன? ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பங்கு பருத்தியோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். அந்த மிச்சத்தைக் கொதிநிலைக்குப் பக்கத்துச் சூட்டில் சோப்பிங் கொடுத்து அலசி எடுக்க வேண்டும். தண்ணீரும் ஸ்டீமும் காசு என்பதால் ஒரு ஹாட் வாஷைக் குறைத்தால், அடர் நிறங்களில் அது அப்படியே வெளியே வரும். வெளிச்சத்தில் வெளுப்பதோ பெரும்பாலும் சாயத் தேர்வில் உள்ள கோளாறு, எத்தனை அலசு அலசினாலும் சரியாகாது. தப்பான வினை, தப்பான டெஸ்ட், அப்புறம் டையிங் யூனிட்டோடு தேவையில்லாத சண்டை.

இன்னொரு கண்ணி 'ரன்னிங் கலர்'. நம்ம மார்க்கெட்டில் அதற்கு எப்போதும் விற்கிற, எப்போதும் கையில் இருக்கிற நிறம் என்று அர்த்தம். வெளிநாட்டு பையருக்கு அது சாயம் போகிற நிறம்! 'திஸ் நேவி இஸ் எ ரன்னிங் கலர்' என்று பெருமையாக எழுதாதீங்க சாமி. ஸ்டாக் ஷேட் என்று எழுதுங்கள்.

நிட்டிங்கில் ஊசியில் கோளாறாகிப் பின்னல் விட்டுக் கீழே வரை பிரிந்துகொண்டே போனால் அமெரிக்கர் அதற்கும் ரன் என்பார், பிரிட்டிஷ்காரர் லேடர் என்பார். டிஃபெக்ட் ரிப்போர்ட்டில் 'ரன்' என்று மட்டும் இருந்தால் சாயமா, பின்னலா என்று கேட்டுக்கொள்வது நல்லது. 'ரன் ஆஃப் த மில்' மில்லில் இருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வந்த சரக்கு என்ற பொருளில் கிளம்பி, இன்று 'சாதாரணமானது' என்று நிற்கிறது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது மறக்காது.

கடைசியாக, பணம் போகிற இடம். நூல் குறைந்துகொண்டு வந்தால் ரன்னிங் லோ ஆன். கணக்குக்குப் பற்றாமல் போகும் நிலை என்றால், அதாவது 800 கிலோ வேண்டிய இடத்தில் 650 கிலோதான் தேறும் என்றால், ரன்னிங் ஷார்ட் ஆஃப். ஒரு கோன் (நூல் கண்டு) கூட இல்லை, மெஷின் நின்றுவிட்டது என்றால்தான் ஹேவ் ரன் அவுட் ஆஃப். 'ஹேவ்' வந்தால் 'ரேன்' வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 650 கிலோவைக் கையில் வைத்துக்கொண்டு ரன் அவுட் என்று எழுதினால், பையர் அடுத்த மெயிலிலேயே ஏர் ஷிப்மென்ட் யார் செலவு என்று ஆரம்பிப்பார்.

ரன் அவுட் வேண்டாம், சினானிம் போடுவோம் என்று 'ஃபேப்ரிக் இஸ் ஃபினிஷ்ட்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். துணி தீர்ந்துவிட்டது என்று சொல்ல நினைத்து எழுதியது. துணித் தொழிலில் அதற்கு அர்த்தம், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்கும் வேலை) வரை எல்லாம் முடிந்து கட்டிங்குக்குத் தயார் என்பது. பையர் சந்தோஷமாக இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் அனுப்பிவிடுவார்.