இங்கிலீஷ் டியூஷனில் தமிழ் பேசினால் என்ன குறைந்துவிடும்?

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகளை டியூஷனில் சேர்க்க வரும் பெற்றோர் பலரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: "டீச்சர், இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழே பேச விடாதீங்க." நான் தலையாட்டுவதில்லை. ஆளாளுக்கு விளக்கிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கேரளாவின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வான எஸ்எஸ்எல்சியில், இங்கிலீஷ் தாளில் எடிட்டிங் கேள்வி ஒன்று வரும். தப்பான இடங்களில் அடிக்கோடு போட்டிருப்பார்கள், திருத்தி எழுத வேண்டும். 'ஒன் ஆஃப் த பாய்ஸ் ஆர் கமிங்' என்று இருந்தால் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் 'பாய்ஸ்' என்பதைப் பார்த்துவிட்டு 'ஆர்' சரி என்று விட்டுவிடுவார்கள். விதியை மனப்பாடம் செய்தவர்களும்தான். நான் தமிழில் கேட்பேன்: "பசங்கள்ல ஒருத்தன் வர்றானா, வர்றாங்களா?" உடனே சிரிப்பு வரும், 'இஸ்' வரும்.

தமிழில் ஆளுக்குத் தகுந்த மாதிரி வினை மாறுகிறது: வருகிறேன், வருகிறான், வருகிறாள், வருகிறார்கள். மலையாளத்தில் ஞான், அவன், அவர் எல்லோருக்கும் ஒரே 'வருன்னு'தான். அது அந்த மொழியின் குறை இல்லை. அதன் அமைப்பு அப்படி. ஆனால் கேரளா சிலபஸுக்குக் கிடைக்கும் கைடும் யூடியூப் பாடமும் பெரும்பாலும் மலையாளத்தில்தான் விளக்குகின்றன. ஆக, வீட்டிலிருந்தே கொண்டுவந்த ஒரு சாமர்த்தியத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் நம் பிள்ளை இலக்கணம் படிக்க உட்காருகிறது.

தமிழில் விளக்கம் வேண்டும் என்று பொள்ளாச்சி போய் தமிழ்நாட்டு கைடு வாங்கி வருபவர்களும் உண்டு. அந்தத் தாளே வேறு. அங்கே நூறு மதிப்பெண், ஆரம்பத்திலேயே 14 ஒரு மதிப்பெண் கேள்விகள், மனப்பாடப் பாட்டு எல்லாம் உண்டு. இங்கே எழுத்துத் தேர்வுக்கு 80, மனப்பாடப் பாட்டு கிடையாது. அதை உருப்போட்டு என்ன பயன்?

காம்ப்ரிஹென்ஷன், அதாவது பத்தியைப் படித்துப் பதில் எழுதும் கேள்வி, இன்னொரு தலைவலி. கேள்வியில் இருக்கும் வார்த்தை பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே இறக்கிவிடுகிறார்கள். ஒரு சின்னப் பத்தி: பாலம் மூழ்கிவிட்டது, பஸ் வரவில்லை, பையன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். 'ஒய் டிட் ஹி ரிட்டர்ன் ஹோம்?' என்று கேட்டால் பதில் 'ஹி ரிட்டர்ண்ட் ஹோம்'. இங்கிலீஷ் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. "ஏங்கண்ணு திரும்பி வந்தான்?" என்று தமிழில் கேளுங்கள், பாலத்தில் ஆரம்பித்து பிள்ளை முழுக் கதையும் சொல்லும். புரியாமல் இல்லை. புரிந்ததை எழுத வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் என் வகுப்பில் பத்தியைப் படித்ததும் முதலில் தமிழில் கதை சொல்ல வேண்டும், அப்புறம்தான் பேனா.

சரி, எல்லாவற்றுக்கும் தமிழ் கை கொடுக்குமா? கொடுக்காது. 'எ', 'ஆன்', 'த' எங்கே போடுவது என்பதற்குத் தமிழில் பிடிமானமே இல்லை. அதற்கு வாசிப்புதான் வழி. பாடப்புத்தகத்தையே சத்தம் போட்டு, திரும்பத் திரும்பப் படித்தால் காது பழகும். வார்த்தைகளும் அப்படித்தான். எதிர்ச்சொல் பட்டியலைப் படித்த பிள்ளை பட்டியலைத்தான் ஒப்பிக்கும், வாக்கியத்தில் அதே சொல் வந்தால் முழிக்கும்.

பரீட்சை அறையில் கேள்வித்தாளைப் படிக்கத் தரும் 15 நிமிட கூல் ஆஃப் டைமையும் பிள்ளைகள் வீணடிக்கிறார்கள். எழுதக்கூடாது என்பதால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாடத்தில் இல்லாத பத்தியை அந்த நேரத்தில் இரண்டு தடவை படித்து, கதையை மனசுக்குள் தமிழில் ஓட்டிப் பார்க்கலாமே. அதை எந்த சூப்பர்வைசரும் தடுக்க முடியாது.

எடிட்டிங் கேள்விகளுக்குத் தமிழ் விளக்கத்தோடு பயிற்சித்தாள் தயாரித்து வைத்திருக்கும் சித்தூர் தாலுகா டீச்சர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். என்னிடம் இருப்பதையும் தருகிறேன்.