"அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லப்பா"

போன சனிக்கிழமை இங்கே அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்து கிரீன்ஸ்பரோவில், நம்மூர்க் குடும்பங்களின் பாட்லக், அதாவது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் விருந்து. பேச்சு எப்படியோ பிள்ளை வளர்ப்புக்கு வந்தது. ஓர் அக்கா, நல்ல அக்காதான், என் பிரசவத்துக்கு ஒரு வாரம் ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர், சர்வசாதாரணமாகச் சொன்னார்: "இந்தக் கறுப்பினப் பொண்ணுங்க தாய்ப்பாலே குடுக்கிறதில்ல. பொறந்ததும் பாட்டில்தான். அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லப்பா."

நான் ஏதோ முனகிவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் கணக்கு. 2019இல் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளில் தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியவை 84.1 சதவீதம். கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளில் 73.6. இடைவெளி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான்கில் கிட்டத்தட்ட மூன்று பேர் கொடுக்கத் தொடங்குகிறார்கள். இதையா "குடுக்கிறதே இல்ல" என்பது?

என் கதையைச் சொல்கிறேன். மகள் பிறந்த இரண்டாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டு, காய்ச்சல் வந்து, அழுதுகொண்டிருந்தேன். தாய்ப்பால் ஆலோசகர் மூன்று முறை வந்து, குழந்தையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். வீட்டில் அம்மா. ஆறு மாத விசாவில் வந்து, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பத்தியச் சாப்பாடு என்று நிற்காமல் சமைத்தார். கணினி வேலை, சம்பளத்தோடு மூன்று மாத விடுப்பு. இத்தனையும் இருந்தும் நான் நாலாவது வாரமே பால் பவுடர் டப்பாவை வாங்கி வைத்துவிட்டேன். (அதை இரண்டு முறை பிரித்தும் கொடுத்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.)

அதே மாதம் என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் பிரசவம். கறுப்பினப் பெண், முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, மணிக்கூலி. அவரும் கொடுக்கத்தான் ஆசைப்பட்டார். அவர் பிரசவித்த மருத்துவமனையில் ஆலோசகர் எட்டிப் பார்க்கவே இல்லை. "நீ பாட்டில்தானே?" என்று கேட்டுவிட்டு, கேள்விக்குப் பதில் வருவதற்குள் நர்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்துவிட்டாராம். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு பை நிறைய இலவசப் பவுடர்.

இது அவர் ஒருத்தியின் துரதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். இல்லை. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதிகளின் மருத்துவமனைகளில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க உதவுவது, குழந்தையைத் தாயின் அறையிலேயே வைத்திருப்பது போன்ற அடிப்படை நடைமுறைகள் குறைவு என்று நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2014இலேயே வெளியிட்டிருக்கிறது.

மூன்றாவது வாரம் அவர் வேலைக்குப் போய்விட்டார். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்ட முட்டாள் நான். அமெரிக்காவில் தேசிய அளவில் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்புச் சட்டமே கிடையாது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். அதற்கும் ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனமாக இருக்க வேண்டும், ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். அவர் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. பால் எடுக்கக் கழிவறை அல்லாத ஓர் இடம் தர வேண்டும் என்று 2010இலேயே சட்டம் வந்துவிட்டது. அவருடைய மேற்பார்வையாளருக்கு அது தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். துடைப்பமும் பினாயிலும் வைத்திருந்த அறையில், கதவைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பம்ப் செய்தாராம். ஐந்து நாளில் பால் வற்றத் தொடங்கியது. வற்றாமல் என்ன செய்யும்?

அப்புறம், "பழக்கம் இல்ல" என்ற அந்தச் சொல். பழக்கம் எப்படி இல்லாமல் போனது? அடிமைக் காலத்தில் கறுப்பினப் பெண்களைத்தான் எசமானர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வைத்தார்கள். பெற்ற பிள்ளை பசியில் கிடக்க, ஊரான் பிள்ளைக்கு முலைப்பால். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாட்டி, "அதெல்லாம் நாம விட்டுட்டு வந்தாச்சு" என்று சொல்லுவாராம். அந்த ஒரு வரிக்குள் எத்தனை தலைமுறை இருக்கிறது என்று எனக்குப் புரியவே நாளாயிற்று.

இன்னொரு கதை, எங்கள் ஊரிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் ரீட்ஸ்வில்லில் நடந்தது. 1946 மே மாதம், ஆனி மே ஃபுல்ட்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு ஒரே மாதிரியான நான்கு பெண் குழந்தைகள் பிறந்தன. அவருக்குக் காதும் கேட்காது, வாயும் பேச வராது. கணவர் விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுதவர். பிரசவம் பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஃப்ரெட் கிளென்னர் நான்கு குழந்தைகளுக்கும் தன் வீட்டுப் பெண்களின் பெயர்களை வைத்தார். கையோடு 'பெட் மில்க்' என்ற டப்பாப்பால் நிறுவனத்தோடு ஒப்பந்தமும் பேசி முடித்தார். நால்வரும் கறுப்பினத் தாய்மார்களுக்கான பால் விளம்பரங்களின் முகமானார்கள். குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு வீடும், விளைச்சலுக்கு உதவாத நிலமும். பெற்றவளைக் கேட்காமலே பிள்ளைக்குப் பெயர் வைத்துப் பாட்டிலும் கொடுத்துவிட்டு, எழுபது வருடத்துக்கும் மேல் கழித்து அவர்களுக்குப் பழக்கம் இல்லை என்று பாட்லக்கில் பேசுகிறோம்.

பவுடர் பால் விளம்பரத்துக்குக் கடிவாளம் போட 1981இல் உலக சுகாதார அமைப்பு ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு அமெரிக்காதான். இந்தியாவில் 1992இலேயே சட்டம் போட்டு இலவச டப்பாவைத் தடுத்தாயிற்று. இங்கே சில மருத்துவமனைகளில் பை நிறையக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

பாட்டில் கொடுக்கும் அம்மாக்களை நான் குறை சொல்லவில்லை. என் சமையலறையிலும் அந்த டப்பா இருந்தது. ஆனால் 2022 கணக்குப்படி இங்கே ஆயிரம் கறுப்பினக் குழந்தைகளில் சுமார் 11 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. வெள்ளையினக் குழந்தைகளில் அது 4.5. குறைமாதக் குழந்தைகளும் கறுப்பினத்தில்தான் அதிகம். அந்தக் குழந்தைகளின் குடலுக்குத் தாய்ப்பால் மருந்து மாதிரி. காரணங்கள் பல, தாய்ப்பால் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனாலும் கொடுக்க ஆசைப்படுகிற ஒருத்திக்கு வழியை அடைப்பது எந்த நியாயம்?

வழியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். மிசிசிப்பியிலும் அக்கம்பக்க மாநிலங்களிலும் 2014 முதல் 2017 வரை 33 மருத்துவமனைகள் தங்கள் நடைமுறைகளை மாற்றிப் பார்த்தன. பிறந்ததும் குழந்தையைத் தாயின் மார்பில் போடுவது, தாயோடு ஒரே அறையில் வைப்பது, முக்கியமாக இவைதான். அங்கே தாய்ப்பால் தொடங்கிய கறுப்பினத் தாய்மார்கள் 46 சதவீதத்திலிருந்து 63 ஆனார்கள். மூன்றே வருடத்தில் மாறுகிற ஒன்றுக்கு இனத்தின் பழக்கம் என்றா பெயர்?

டெட்ராய்ட், அட்லாண்டா பக்கமெல்லாம் கறுப்பினப் பெண்களே சங்கம் வைத்து, வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். 2013இலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரத்தைக் கறுப்பினத் தாய்ப்பால் வாரமாகவும் கொண்டாடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்போது இரண்டாவது, ஏழு மாதம். இந்த முறை வேலை வேறு இடத்தில், விடுப்பும் உண்டு. பிரசவத்துக்குக் கூடவே இருக்க ஒரு கறுப்பினத் துணைத்தாதியையும் பேசி வைத்திருக்கிறார். நேற்று வந்து, "அன்னைக்கு உங்கம்மா ஒரு டப்பாவில கொடுத்தாங்களே, அந்த மீன் பொரியல், அதை இந்தத் தடவையும் செய்வீங்களா?" என்று கேட்டார். அது சுறா என்று அன்றைக்கு நாங்கள் சொல்லவே இல்லை. அம்மாவுக்கு இந்த முறை விசா கிடைக்கவில்லை. வீடியோ காலில் சொல்கிறேன் என்றிருக்கிறார். இங்கே யாருக்காவது பால்சுறா எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.