நிலா வெளிச்சத்தைத் திருத்திய மேதைகளுக்கு

அந்தத் ‘திருத்தப்பட்ட’ படத்தைப் பார்த்துவிட்டேன். இனி யாரும் உள்பெட்டியில் அனுப்ப வேண்டாம். இடப்பக்கம் ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னரின் ‘நிலவொளியில் குளிர்கால நிலக்காட்சி’, சிவப்பு வானத்தோடு. வலப்பக்கம் ஏதோ செயலியில் போட்டுச் சலவை செய்து எடுத்த அதே மலை: கருநீல வானம், வெள்ளைப் பனி, பச்சை மரங்கள். மேலே, ‘கண் தெரிந்தவர் வரைந்திருந்தால்’ என்று ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். கவிதை எழுதுகிறவர்களும் உண்டு!

அந்த வானம் கை தவறிச் சிவந்துவிடவில்லை ஐயா. 1919 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அருகே மலைவீட்டில் இருந்த கிர்ஷ்னர், விடியற்காலை நிலா மறைவதைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார். நிலா மஞ்சள், சின்ன மேகங்கள் ரோஜா நிறம், மலைகள் தூய ஆழ்ந்த நீலம். சன்னல் உறைந்துபோகும் குளிர். பார்த்த நிறத்தை அவர் ஓவியத்தில் இன்னும் ஓங்கி ஒலிக்கச் செய்தார், அவ்வளவுதான். கண்ணில் பட்டதை அப்படியே நகலெடுக்காமல், மனம் உணர்ந்ததை நிறத்தில் கொட்டிய எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர்கள் செய்ததே அதுதான். 1905இல் டிரெஸ்டனில் நண்பர்களோடு ‘பாலம்’ என்ற ஓவியர் குழுவைத் தொடங்கிய நாளிலிருந்து அவர் செய்துவந்ததும் அதுதான். திரும்பவும் சொல்கிறேன்: அது பிழை இல்லை. திருத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

நான் பல வருடம் ஆப்செட் அச்சகத்தில் வண்ணம் சரிபார்க்கும் வேலை செய்தவன். நிறத்தைத் திருத்தியே சோறு தின்றவன். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் காலண்டருக்காக மேற்குத் தொடர்ச்சி மலைப் புகைப்படம் கொண்டுவந்தார். தூரத்து மலைகள் நீலமாக இருந்தன. தூரத்து மலை அப்படித்தான் இருக்கும். அவருக்குப் பிடிக்கவில்லை. “மலை என்றால் பச்சைதானே, பச்சையாக்குங்கள்” என்றார். ஆக்கிக் கொடுத்தோம். பத்து மைல் தள்ளி நின்ற மலை, நாடகக் கொட்டகைத் திரைபோல மூக்கின்மேல் வந்து நின்றது. அவருக்கு ஏக மகிழ்ச்சி. பணம் கொடுத்தவர், அவர் காலண்டர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கிர்ஷ்னரின் படம் யாருடைய காலண்டரும் இல்லையே!

“சும்மா வேடிக்கைக்குப் போட்டது, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்று கேட்பீர்கள். இந்த வேடிக்கைக்கு வரலாறு இருக்கிறது, அதனால்தான். 1937 ஜூலை 18 அன்று மியூனிக்கில் அரசு அங்கீகரித்த கலைக்கான கண்காட்சியைத் திறந்துவைத்து ஹிட்லர் பேசியது இதைத்தான். புல்வெளியை நீலமாகவும், வானத்தைப் பச்சையாகவும், மேகத்தைக் கந்தக மஞ்சளாகவும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். உண்மையிலேயே கண் கோளாறு என்றால் அது சந்ததிக்குப் போகாமல் தடுக்க உள்துறை அமைச்சகம் இருக்கிறது, ஏமாற்று வேலை என்றால் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறது என்றார். மறுநாளே, நாஜிகள் வெறுத்த நவீன ஓவியங்களைக் கேலி செய்வதற்கென்றே ‘சீரழிந்த கலை’ கண்காட்சி திறந்தது. படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் கேலி வாசகங்கள். கூட்டம் கூட்டமாக வந்து சிரித்தார்கள்.

கிர்ஷ்னரின் படைப்புகளில் மட்டும் அறுநூறுக்கு மேல் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து பறிக்கப்பட்டன. நீங்கள் திருத்திய படமும் அதில் ஒன்று. நியூயார்க்குக்குப் புலம்பெயர்ந்த கலை வணிகர் கர்ட் வாலண்டின் கைக்கு அது போயிற்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தின் அன்றைய இயக்குநர் வாலண்டைனரும் ஜெர்மனியிலிருந்து போனவர்தான், கிர்ஷ்னர் பிறந்த அதே 1880இல் பிறந்தவர். அவருடைய அறுபதாம் பிறந்தநாளை ஒட்டி 1940இல் வாலண்டின் இதை அந்த அருங்காட்சியகத்துக்கே பரிசளித்துவிட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது, சிவப்பு வானத்தோடு.

“அப்படியானால் எங்களை நாஜிகள் என்கிறாயா?” இல்லை. அப்படிச் சொல்லவில்லை, வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். படம் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. எனக்கே அவருடைய பிற்காலப் படங்களில் சில பிடிக்காது. ஆனால் ‘பிடிக்கவில்லை’ வேறு, ‘கண் தெரியவில்லை’ வேறு.

அந்தப் பதிவின் கீழே ஒருவர், “பைத்தியம்தானே, மார்பின் போட்டுக்கொண்டு வரைந்தது” என்று எழுதியிருந்தார். ஆமாம், அந்தப் போதை தரும் வலிமருந்தைப் போட்டுக்கொண்டார். 1915இல் ராணுவத்துக்குப் போய், மனம் உடைந்து, மருத்துவமனைகளில் கிடந்து, கைகால் சரியாக இயங்காத நிலையில் 1917இல் அந்த மலைக்கு வந்தவர் அவர். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து மலையை, இடையர்களை, ஆடுமாடுகளை வரைந்தார். நோய் வரைந்ததா, அவர் வரைந்தாரா?

என் தம்பி பல வருடமாக மனநல மாத்திரை சாப்பிடுகிறான். வீட்டு விசேஷத்தில் அவன் உருப்படியாக ஒரு யோசனை சொன்னால்கூட, “மாத்திரை போட்டாயா?” என்று ஒரு பெரியப்பா கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோவான். அந்தச் சிரிப்பையும் இந்தச் சிரிப்பையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மிகைப்படுத்துகிறேன் என்றால் மிகைப்படுத்துகிறேன், போங்கள்.

1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனது. அது சுவிட்சர்லாந்தின் எல்லை நாடு. அடுத்து தன் மலைக்கே வந்துவிடுவார்கள் என்று கிர்ஷ்னர் பயந்தார். மே 31 அன்று, பறித்த படங்களுக்கு இழப்பீடு கிடையாது என்று ஜெர்மனி சட்டமே போட்டது. ஜூன் 15 அன்று அவர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். பைத்தியமாம்.

திருத்திய படத்தை இங்கே பின்னூட்டத்தில் ஒட்டினால் நீக்கிவிடுவேன். ‘என் பேத்திகூட இதைவிட நன்றாக வரைவாள்’ என்று சொன்னவர், பேத்தி வரைந்ததைத் தாராளமாகப் போடலாம். அவள் என்ன நிறத்தில் வானம் தீட்டியிருந்தாலும் நீங்கள் மட்டும் அதில் கை வைக்காதீர்கள்.