உவரி கருமணலும் ஸ்பீக்கர் காந்தமும்

கடற்கரைக் கருமணல் முழுக்க இரும்புத்தூள், காந்தத்தைக் காட்டினால் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. எங்கே ஒட்டுகிறது? திருநெல்வேலி மாவட்டத்து உவரிக் கடற்கரையில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலுக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். மீசை மாதிரி நாலு துகள்தான் குத்திட்டு நின்றது. அது மேக்னடைட், காந்தம் நன்றாக இழுக்கும் இரும்புத் தாது. மிச்சக் கருப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. அதிலும் இரும்பு உண்டு, ஆனால் இரும்பு அணுக்கள் டைட்டானிய அடுக்குகளுக்கு நடுவே பிரிந்து கிடப்பதால் சாதாரண வெப்பநிலையில் இழுப்பு ரொம்பக் குறைவு. அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ரோஸ் நிற மணலைத் துருப்பிடித்தது என்கிறார். அது கார்னெட் என்ற கடினமான கனிமம் ஐயா, கண்ணாடியையே கீறும்! சாதாரண வெளிர் மணலான குவார்ட்ஸை அலை அள்ளிக்கொண்டு போக, கனமான இல்மனைட்டும் கார்னெட்டும் கோடு கோடாகத் தங்கிவிடும். குவார்ட்ஸின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.65 கிராம், இல்மனைட்டுக்குச் சுமார் 4.7 கிராம், ஒரு கை அள்ளினாலே கனம் தெரியும்.