அபேபே பிகிலா ஒலிம்பிக்கில் வெறுங்காலில் வென்றது ரோமில் மட்டும்தான்

எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா தன் இரண்டு ஒலிம்பிக் மாரத்தான் தங்கத்தையும் வெறுங்காலில் ஓடியே வென்றார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதில் பாதிதான் சரி. 1960 ரோமில் வெறுங்கால், 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. 1964 டோக்கியோவில் ஷூவும் சாக்ஸும் போட்டு ஓடி, 2:12:11-ல் முடித்தார். அதுவும் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில்! நினைத்தாலே சிலிர்க்கிறது.

யூடியூபில் டோக்கியோ மாரத்தான் காட்சியைத் தேடி, அவர் காலைக் கவனியுங்கள். வெள்ளை ஷூ தெளிவாகத் தெரியும்.

காசிமேட்டுப் பக்கம் காலையில் எங்களோடு ஓடும் பசங்க இரண்டு பேர் அந்த வெறுங்கால் கதையை நம்பி ஷூவைக் கழற்றிவிட்டார்கள். கண்ணாடிச் சில்லும் ஆணியும் கிடக்கிற ரோடு அது, தம்பிகளா.