அந்த இரவு உணவு எழுதப்பட்டது

'மை டின்னர் வித் ஆந்த்ரே' (1981) படத்தில் இரு நண்பர்கள் நியூயார்க் உணவகம் ஒன்றில் தோன்றியதைப் பேச, கேமரா அதை அப்படியே பதிவு செய்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை வழிமொழிந்திருக்கிறார்கள். படம் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், நானும் முதலில் அப்படியே நம்பினேன். ஆனால் அது முழுக்க எழுதப்பட்ட வசனம். அந்த இரு நண்பர்களாக வரும் வாலஸ் ஷானும் ஆந்த்ரே கிரிகரியும் பல மாதங்கள் உரையாடி, அதை ஒலிப்பதிவு செய்தார்கள். அந்தக் குவியலிலிருந்து ஷான் திரைக்கதையை வடித்தெடுத்தார். பிறகு இருவரும் அதை மனப்பாடம் செய்து நடித்தார்கள். இயக்கியவர் லூயி மால்.

உணவகமும் நியூயார்க்கில் இல்லை. வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் அப்போது மூடிக்கிடந்த ஜெஃபர்சன் ஹோட்டலுக்குள் அமைத்த அரங்கம் அது.

சரிபார்ப்பது எளிது. படத்தின் பெயர்ப் பட்டியலில் திரைக்கதை என்ற இடத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. அவர்களுக்குப் பரிமாறும் முதிய பரிசாரகர்கூட ஜான் லெனோர் என்ற பெயருடன் நடிகர் வரிசையில்தான் வருகிறார். இன்னும் ஐயமிருந்தால், குரோவ் பிரஸ் வெளியிட்ட திரைக்கதை நூலை எடுத்து, ஏதாவது பத்து நிமிடக் காட்சியை ஓடவிட்டு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.